கண் திறக்கும் வேலை

தையற்காரர் திருப்பிக் கொண்டுவந்த பீங்கான் வில்லையில் கீறல் இல்லை, விரிசல் இல்லை, நிறமும் மங்கவில்லை. அவள் அதை மேசைமேல் வைத்து, விளக்கை அருகே இழுத்து, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். கல்லறைக் கல்லில் ஒட்டுகிற, உள்ளங்கை அளவு நீள்வட்டம். அதற்குள் கோட்டு போட்ட ஒரு கிழவர். உயிரோடு இருந்தவரை அவர் கோட்டு போட்டதே இல்லை. அதைப் போட்டுவிட்டது அவள்தான். மூக்கிலிருந்த பஞ்சை எடுத்ததும், தாடையைக் கட்டியிருந்த துணியை அழித்ததும், ஆஸ்பத்திரித் தலையணை இருந்த இடத்தில் இளநீல வானத்தை வைத்ததும் அவள்தான்.

“நல்லாத்தானே அண்ணே இருக்கு?”

“முகம் நல்லாத்தான்மா இருக்கு. பார்வைதான் சரியில்ல.” தையற்காரர் குடையை மடக்கி வாசலில் உதறினார். “கல்லுல ஒட்டினப்ப என்னை நேராப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. நேத்து போய்ப் பார்க்கிறேன், ஒரு பக்கமாப் பார்க்கிறாரு. பக்கத்து வீட்டுல அடிதடி நடந்தாக்கூட எட்டிப் பார்க்காத மனுஷன்மா எங்கப்பா. செத்த பிறகா வேடிக்கை பார்க்கக் கிளம்புவாரு?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “வெயில்ல பூச்சு மினுங்கினா அப்படித் தெரியும் அண்ணே.”

“வெயிலா? எந்த ஊர்ல?” அவர் வெளியே கொட்டிக்கொண்டிருந்த மழையைக் கையால் காட்டினார்.

“சரி விடுங்க. புதுசாவே போட்டுத் தர்றேன்.”

அவர் போன பிறகு கணினியில் கிழவரின் படத்தைத் திறந்தாள். நேரான பார்வை. வில்லையைப் பார்த்தாள். இரண்டு கருவிழிகளும் வலது ஓரத்துக்கு ஒதுங்கி, வெள்ளை முழி பெரிதாகத் தெரிய, தன் தோளுக்குப் பின்னால் நிற்கும் யாரையோ கவனிப்பவர் போல இருந்தார். இரும்பு சிவக்கும் சூட்டில் சூளையில் வெந்து, கண்ணாடிப் பூச்சுக்குள் உறைந்த படம் அது. வெளுக்கலாம், உடையலாம். நகர முடியாது.

விரல் நுனியால் தொட்டாள். வில்லை முழுவதும் காய்ந்திருந்தது. அந்தக் கண்களில் மட்டும் ஈரம் இருந்தது.

கடை, நகரத்தின் பெரிய இடுகாட்டுக்கு நேர் எதிரே இருந்தது. முன்னால் கடை, நடுவில் சூளை அறை, பின்னால் வீடு. இடுகாடு என்பது, ரயில்கள் நிறுத்தும் கொட்டடிக்கும் உயரமான குடியிருப்புகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு நிலம். மாடிகளில் காயப்போட்ட துணிகளின் நீர் கல்லறைகள்மேல் சொட்டும். உயிரோடு இருப்பவர்களுக்கே இடம் போதாத நகரம், செத்தவர்களை நெடுநாள் படுக்கவிடாது. சில வருடக் குத்தகைதான். அதே குடும்பத்தில் இன்னொருவர் போய்ச் சேர்ந்தால், ஏற்கெனவே இருப்பவரின் எலும்புகளைத் தோண்டி ஒரு சின்னப் பெட்டியில் போட்டுப் புதியவரின் காலடியில் வைப்பார்கள். வேண்டாம் என்று குடும்பத்தார் சொல்லிவிட்டால் பின்சுவர் ஓரம் இருக்கும் பொதுக்குழிதான். இரும்பு மூடி போட்ட அகலமான கிணறு மாதிரி இருக்கும் அது. அதற்குள் யார் யார் கிடக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே கல்லில் முகம் இருப்பவர்கள்தான் அந்த நகரத்தில் செத்தவர்கள். முகம் இல்லாதவர்கள் வாழ்ந்ததாகவே நகரம் ஒப்புக்கொள்வதில்லை.

அவளுடைய வேலை, கண் திறப்பது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரிடம் நல்ல படம் இருக்காது. கடைசி நாளில் அவசரமாகக் கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டி, “கண்ணை மட்டும் திறந்து குடுத்துடும்மா” என்பார்கள். அதற்காகவே கணினியில் ‘கண்’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. நேராகப் பார்க்கும் கண், சிரிக்கும் கண், களைத்த கண், வெளிச்சத்தில் சுருங்கிய கண். எல்லாம் ஒரே ஆளின் கண்கள். நிறத்தை மாற்றி, சுருக்கம் சேர்த்து, புருவத்தைத் தடிப்பாக்கினால் ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். இத்தனை வருடங்களில் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. தையற்காரரின் அப்பாவுக்கும் அந்தக் கண்கள்தான்.

அவை மூத்தவளுடையவை. அவள் கணவனின் முதல் மனைவி. இதே நாற்காலியில் உட்கார்ந்து, கடையில் இந்தக் கண் திறக்கும் வேலையை ஆரம்பித்து வைத்தவளே அவள்தான். வேறு யாருடைய கண்ணையும் கேட்க முடியாது என்று தன்னுடையதையே விதவிதமாகப் படம் எடுத்து வைத்தாள். கைக்குழந்தையை விட்டுவிட்டு ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். கடைக்கும் குழந்தைக்குமாகச் சேர்த்து ஓர் ஆள் தேவைப்பட்டபோது இவள் வந்தாள். செத்தவளின் பாத்திரங்களில் சமைத்ததைப் போலவே அந்த ஃபோல்டரையும் எடுத்துப் புழங்கினாள்.

மாமியாருக்கு மூத்தவளைக் கண்டாலே ஆகாது. வீட்டிலிருந்த அவளுடைய படங்களையெல்லாம் அந்த அம்மாள்தான் சூளையில் போட்டாள். சென்ற வருடம் தன் முறை வந்தபோது மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, “அவ எலும்பை என் காலடியில வச்சிடாதடா. செத்தும் என் நிம்மதியைக் கெடுப்பா” என்றாள். மகன் தலையை ஆட்டினான். மூத்தவள் பொதுக்குழிக்குப் போனாள்.

கல்லில் இருந்த மூத்தவளின் வில்லையை எடுக்க உளியோடு போனது இவள். “நான் போறேன், நீ ஏன்?” என்று கணவன் கேட்டான். “நானே எடுத்துக்கிறேன்” என்றாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. குழந்தை அவளை ‘சித்தி’ என்றுதான் கூப்பிட்டது. தோளில் போட்டுத் தூங்கவைத்த நாட்களிலும் சித்தி, காய்ச்சலில் பிதற்றிய இரவிலும் சித்தி. ‘அம்மா’ என்ற சொல்லை அது எங்கோ பத்திரமாக எடுத்து வைத்திருந்தது. மாமியார் இருந்தவரை அதை அந்தக் கல்லின் பக்கமே விட்டதில்லை. பொருத்திப் பார்க்க ஒரு முகமே இல்லாமல் போனால், அந்தச் சொல் தன்னிடம் வந்து சேரும் என்று அவள் நம்பினாள். உளி பட்டு வில்லை இரண்டாகப் பிளந்தது. சரியாகக் கண்களுக்கு நடுவே. இரண்டு துண்டுகளையும் வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, குழந்தைக்குத் தலை வாரிவிட்டாள்.

மறுநாள் பகலில் மழை சற்றுத் தணிந்ததும் இடுகாட்டுக்குப் போனாள்.

வாசலில் காவல்காரர் இருந்தார். இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து தொங்குவதால் எல்லோருக்கும் அவர் ‘பூட்டு’. “என்னம்மா, மாமியாரைப் பார்க்க வந்தியா? கனவுல வந்து திட்டினாங்களா?”

“திட்டுறதுக்குக் கனவு வேற வேணுமா அவங்களுக்கு?”

பூட்டு சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். பூ வைக்க வர்றவங்க எல்லாம் என்கிட்ட வந்து புலம்புறாங்க. எங்க வீட்டுப் படம் வேற எங்கேயோ பார்க்குதுன்னு. உன் கடைச் சரக்குதானே எல்லாம்?”

“நீங்க பார்த்தீங்களா?”

“நானா? நான் இங்க என் காலைப் பார்த்துத்தான் நடக்கிறது. அதனாலதான் இத்தனை வருஷம் வேலையில இருக்கேன்.”

அவள் சரளைப் பாதையில் நடந்தாள். ஈர மண்ணின் வாசனையோடு அழுகிய பூத்தண்டுகளின் வாசனையும் கலந்து வந்தது. மேலே எங்கோ ஒரு மாடியில் வானொலி பாடியது. குடை விளிம்பிலிருந்து சொட்டும் நீர் அவள் செருப்பின் சத்தத்தோடு சேர்ந்து, பின்னால் இன்னொருவர் நடந்து வருவது போன்ற ஒரு தாளத்தை உண்டாக்கியது. முதலில் அவள் கவனிக்கவில்லை. இடப்பக்கம் இருந்த முகங்கள் வலப்பக்கமாகப் பார்த்தன. வலப்பக்கம் இருந்தவை இடப்பக்கமாக. மீசை வைத்த ஒரு ஓட்டுநர், பல்வரிசை தெரிய ஒரு கிழவி, ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கல்யாண உடையில் ஒரு இளம்பெண். அவள் உடுத்திவிட்ட சட்டைகள், அவள் வைத்த வானங்கள். எல்லா முகத்திலும் அந்த ஒரே கண். அத்தனையும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அது எந்த இடம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் போனாள்.

மாமியாரின் கல் சுத்தமாக இருந்தது. மாமியாருக்கு நல்ல படம் இருந்ததால் அவளுக்கு அவளுடைய கண்களே வைக்கப்பட்டிருந்தன. யாரையும் உட்காரச் சொல்லாத கண்கள். இப்போது அந்த வில்லையில் கண்கள் இல்லை. இமைகள் மூடியிருந்தன. தூங்குவது போல அல்ல. எதையோ பார்த்துவிட்டு, இனி பார்க்க மாட்டேன் என்று முகமே சுருங்க இறுக்கி மூடியதைப் போல.

அவள் கையை நீட்டவில்லை. மெல்லத் திரும்பினாள். இத்தனை நேரம் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இன்னும் அங்கேயே பார்க்கின்றனவா, இல்லை அங்கே நிற்கும் தன்னையா? தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. பத்தடி தள்ளிப் போய் நின்றாள். காலைப் பார்த்தபடி மூச்சை அடக்கினாள்.

நிமிர்ந்தாள்.

எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகை இல்லை அந்தப் பார்வையில், கெஞ்சல் இல்லை. முறை வரும்வரை வரிசையில் நின்று, முறை வந்துவிட்ட ஆளின் பார்வை.

அவள் குடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அன்று சாயங்காலம் குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வழக்கம்போல அவள் நாற்காலியின் கைப்பிடியில் தொற்றிக்கொண்டது.

“சித்தி, ரோட்டுச் சுவர்ல இருக்கிற படமெல்லாம் இன்னிக்கு என்னைப் பார்த்துச்சு.”

இடுகாட்டின் சாலையோரச் சுவரில் சாம்பல் வைக்கும் மாடங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு வில்லை.

“படம் எப்படிப் பார்க்கும்? சும்மா இரு.”

“நிஜமா சித்தி. நான் நடந்தா கூடவே பார்க்குது. நான் நின்னா நிக்குது.” குழந்தை யோசித்தது. “எனக்குப் பயமாவே இல்ல. நான் டாட்டா காட்டினேன்.”

“இனிமே அந்தப் பக்கமா வராத. கடைப்பக்கமாவே வா. புரியுதா?”

“ஏன்?”

“சொன்னா கேளு.”

குழந்தை கைப்பிடியிலிருந்து இறங்கியது. பிறகு, பல நாட்களாகக் கேட்காமல் இருந்த அந்தக் கேள்வியைக் கேட்டது. “எங்க அம்மா எப்படி இருப்பாங்க சித்தி?”

“தெரியாதுடா கண்ணு. படம் ஒண்ணும் இல்லையே.”

சொல்லி முடிக்கும்போது, மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த கிழவரின் வில்லை கடகடவென்று தானாக ஆடி நின்றது. சாலையில் லாரி போயிருக்கும். அவள் வெளியே பார்த்தாள். சாலை காலியாக இருந்தது.

காலையில் கணவனுக்குக் கண் திறக்கவில்லை.

அவன் படுக்கையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தான். “ஏய், இங்க வாயேன். பிரிக்க முடியல.” இமைகள் வீங்கவில்லை, சிவக்கவில்லை. ஒன்றோடொன்று ஒட்டி, இடையில் கோடுகூடத் தெரியாமல் வழவழப்பாக இருந்தன. அவள் வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒற்றினாள். தொட்டபோது விரல் அறிந்துகொண்டது. தோல் இல்லை. சூளையிலிருந்து எடுத்து ஆறவைத்த வில்லையின் மேற்பூச்சு.

வைத்தியர் வந்து பார்த்தார். ஏதோ தொற்று என்றார், சொட்டு மருந்து எழுதினார், கட்டுப் போட்டார், போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

“ராத்திரி முழுக்க என் நெஞ்சுமேல உட்கார்ந்திருந்தா” என்றான் கணவன், கட்டுக்குள்ளிருந்து.

“யாரு?”

“தெரியாத மாதிரி கேக்காத.” அவன் குரல் உடைந்தது. “உன்னை யாரு வில்லையை உடைச்சுப் போடச் சொன்னா? அவ முகமாச்சும் மிஞ்சியிருக்கும்ல?”

“நல்லா இருக்கே! ஒதுக்கச் சொன்னது உங்கம்மா. தலையாட்டினது நீங்க. கடைசியில வந்த என்மேல போடுறீங்களா?”

“கண்ணு மூடிக்கிடக்குன்னு நீ சொன்னியே, அம்மாதான் முதல்ல. அப்புறம் நான்.” அவன் முகத்தை அவள் குரல் வந்த பக்கமாகத் திருப்பினான். “அப்ப அடுத்தது?”

அவள் எழுந்து சூளை அறைக்குப் போனாள். பயத்துக்கு அடியில் கோபம் இருந்தது, அதுவும் நன்றாக எரிந்தது. என்ன கெட்டுப்போனது மூத்தவளுக்கு? பெற்றுப் போட்டுவிட்டுப் போனாள். குளிப்பாட்டியது யார், சோறு ஊட்டியது யார், இரவெல்லாம் நெற்றியில் ஈரத்துணி மாற்றியது யார்? முகத்தை எடுத்தாயிற்று, எலும்பைக் குழியில் போட்டாயிற்று, இன்னும் மிச்சம் இருப்பது இந்தக் கண்கள் மட்டும்தான். இதையும் எடுத்துவிட்டால்?

இந்த ஃபோல்டர்தான் மூத்தவளின் வீடு. அதைக் காலி செய்துவிட வேண்டியதுதான்.

ஆனால் கண் இல்லாமல் கடை ஓடாது. தையற்காரருக்கே இன்று வில்லை கொடுத்தாக வேண்டும். அவள் குழந்தையைக் கூப்பிட்டாள். ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கைபேசியை அதன் கையில் கொடுத்தாள்.

“என் கண்ணை மட்டும் எடு. கிட்டத்துல. நேராப் பிடி.”

“சித்தி, சிமிட்டாத! நீ சிமிட்டிக்கிட்டே இருக்க!”

“சரி, சரி. எடு.”

“சிரி. இது சிரிக்கிற கண்ணு. இப்ப கோபமா. ஐயோ சித்தி, நீ கோபமாப் பார்த்தா பாட்டி மாதிரி இருக்க!”

இருவரும் சிரித்தார்கள். நெடுநாள் கழித்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் குழந்தையை இழுத்து உச்சியில் முத்தமிட்டாள். இது போதும் என்று நினைத்தாள். இதை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது.

பிறகு கணினியின் முன் உட்கார்ந்து, ‘கண்’ ஃபோல்டரை அழித்தாள். நிச்சயமா என்று கணினி கேட்டது. நிச்சயம் என்றாள். கிழவரின் முகத்தில் தன் கண்களைப் பொருத்தினாள். ஓரங்களில் சுருக்கம் சேர்த்தாள், இமைகளைக் கொஞ்சம் தாழ்த்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தன. படத்தை அச்செடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, பீங்கான்மேல் வழுக்கி இறக்கி, குமிழியில்லாமல் நீவி, சூளையில் வைத்து மூடினாள். உள்ளே வெப்பம் ஏற ஏற அவள் கண்கள் எரிந்தன. புகை என்று நினைத்துக்கொண்டாள். சூளையில் புகை வருவதில்லை.

மதியம் தையற்காரர் வந்து வில்லையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆங்! இப்பத்தான் எங்கப்பா. நேரா, மனுஷன் மாதிரிப் பார்க்கிறாரு. இப்பவே போய் ஒட்டிடுறேன்மா.”

“மழையில ஒட்டாது அண்ணே.”

“குடை பிடிச்சுக்கிட்டு ஒட்டிடுவேன். பழைய கல்லு மூஞ்சியில்லாம நிக்குது, பார்க்கச் சகிக்கல.”

அந்தி நெருங்கியபோது மழை மறுபடி வலுத்தது. பின்னறையில் கணவன் கட்டோடு படுத்திருந்தான். குழந்தை எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம், சூளை ஆறும்போது உள்ளே செங்கற்கள் விடும் மெல்லிய முனகல், கூரையில் மழை. அவள் அச்சுக் காகிதங்களை வெட்டி அடுக்கினாள். நாளையிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம். பழுது என்று சொல்லி எல்லா வில்லைகளையும் இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னால், யார் வேண்டாம் என்பார்கள்?

“சித்தி, ஏன் என்னை அப்படிப் பார்க்கிற?”

“எப்படிப் பார்க்கிறேன்?”

“பார்க்காத மாதிரி.”

விளக்கு மங்குகிறது என்று நினைத்தாள். குழந்தையின் முகம் கரைந்தது, மேசையின் விளிம்பு கரைந்தது, சுவர் போயிற்று. அந்த இடத்தில் மழை பெய்தது. கூரையின்மேல் கேட்ட மழை அல்ல இது. கண்ணுக்கு முன்னால், சாம்பல் நிறத்தில், சரளைப் பாதையின்மேல். ஆனால் அவள் முகத்தில் ஒரு துளிகூடப் படவில்லை. கைகளுக்குக் கீழே மேசை இருந்தது. கத்தரிக்கோல் இருந்தது. காகிதம் இருந்தது.

கண்ணைச் சிமிட்டினாள். இமை இறங்கி ஏறியதை உணர்ந்தாள். மழை மறையவில்லை.

உள்ளங்கையால் கண்களைப் பொத்தினாள். மழை மறையவில்லை.

ஈரக் கற்கள். பாதை. எதிர்வரிசை. ஓட்டுநர், கிழவி, வாத்தியார், கல்யாண உடையில் பெண். அத்தனை பேரும் கண்களை மூடியிருந்தார்கள். கடைக்கு முதன்முதலில் எப்படி வந்தார்களோ அப்படி. அத்தனை முகங்களிலும் இருந்த அந்தக் கண்கள் அங்கே இல்லை.

எங்கே போயிருக்கும்?

கடையின் கதவு திறந்தது.

அவளுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஈரமான எதுவோ தரையில் வைத்து வைத்து எடுக்கப்படும் சத்தம். பிறகு வாசனை. ஆழமான மண். பழைய இரும்பு. அதன்மேல், சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த பீங்கானின் சூடான வாசனை.

“சித்தி, யாரோ வந்திருக்காங்க.”

“உள்ள விடாத! கதவைச் சாத்து!”

“உள்ளதான் நிக்கிறாங்க.”

“இங்க வா. என் கையைப் பிடி. எங்க இருக்க? என்கிட்ட வாடா!”

குழந்தை வரவில்லை. பென்சில் உருண்டு கீழே விழுந்தது. பிறகு குழந்தை பேசியது. பயந்த குரல் இல்லை. கண்ணாடி முன் நின்று பேசும் குரல்.

“உங்க கண்ணு எனக்கு இருக்கிற மாதிரியே இருக்கு.”

அந்த ஈரச் சத்தம் ஓரடி நெருங்கியது.

“அம்மா?”

இத்தனை வருடங்களாக அவள் காத்திருந்த சொல். அவள் எழுந்து பாய்ந்தாள். நாற்காலி விழுந்தது. சூளையின் கதவில் கை பட்டுத் தோல் பொசுங்கியது. பின்னறையிலிருந்து கணவன் கத்தினான்: “யாருடி வாசல்ல? கதவு திறந்து கிடக்கா? ஏய், யாரு வந்தது?”

“மழைக்கோட்டு போட்டுக்கிட்டு வர்றேம்மா” என்றது குழந்தை.

“போகாத! நான்தான்... நான் இங்க இருக்கேன்டா! போகாத!”

சின்னச் செருப்பின் சத்தம். கூடவே அந்த ஈரச் சத்தம். கதவு மூடிக்கொண்டது. மெதுவாக, தூங்கும் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் மூடுவதைப் போல.

அவள் வாசல் படியில் தடுக்கி விழுந்தாள். வாயில் இரத்தம். கத்தினாள். சாலையில் பேருந்துகள் போயின. மழையில் யாருக்கும் கேட்கவில்லை.

முன்னால் பாதை மட்டும் தெரிந்தது. கற்கள். மூடிய கண்கள். மழை.

பாதையின் கோடியில் ஒரு மஞ்சள் நிறம்.

அவளே வாங்கிக் கொடுத்த மழைக்கோட்டு. தலைக்குல்லாய் ஒருபக்கம் சரிந்திருந்தது. குழந்தை துள்ளித் துள்ளி நடந்து வந்தது. ஒரு கை தொங்கியது. இன்னொரு கை தோளுக்கு மேல் உயர்ந்திருந்தது, விரல்கள் எதையோ பற்றியபடி. அதன் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அங்கே ஓர் ஆள் அகலத்துக்கு மழை தரையைத் தொடவில்லை.

தையற்காரருடைய அப்பாவின் கல்லுக்கு முன்னால் குழந்தை நின்றது. நேராக நிமிர்ந்து அவளைப் பார்த்தது. அவ்வளவு அருகில். இமையில் நின்ற மழைத்துளிகூடத் தெரிந்தது. அவள் கண்களைப் பொருத்திய கிழவரின் முகத்தைத்தான் அது பார்த்தது. அதற்கு அவளை அடையாளம் தெரியவில்லை. உதடுகள் அசைந்தன. என்ன சொன்னது என்று கேட்கவில்லை. உயர்ந்திருந்த கை மெல்ல இழுக்கப்பட்டது. குழந்தை திரும்பி நடந்தது.

பின்சுவரை நோக்கி.

அங்கே இரும்பு மூடி திறந்து கிடந்தது.

கடை வாசலில், சேற்றில் மண்டியிட்டபடி, அவள் இரண்டு கைகளாலும் தன் இமைகளை அழுத்தினாள். நகங்கள் உள்ளே இறங்கும்வரை அழுத்தினாள். படம் மறையவில்லை. சூளையில் வெந்த கண்ணுக்கு மூடத் தெரியாது. மழைக்குள் அந்த மஞ்சள் நிறம் சிறிதாகிக்கொண்டே போயிற்று. விளிம்பில் நின்றது. பிடித்த கையை விடாமல், கவனமாக, ஒரு காலை உள்ளே இறக்கியது.